பதில் சொல்லாத ஸலாம்

எங்கள் தெருப் பள்ளிவாசலில் ஐந்து வேளையும் முதல் வரிசையில் நிற்கும் பெரியவர் ஒருவர், 2018ஆம் ஆண்டின் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்த என் கையைப் பிடித்துக் கொண்டார். "தம்பி, என் மீது உமக்கு என்ன மனத்தாங்கல்? மூன்று நாளாக ஸலாம் சொல்கிறேன். நீர் திரும்பியும் பார்ப்பதில்லையே" என்றார். நான் திடுக்கிட்டேன். அவர் ஸலாம் சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது. அவர் சற்றே மெல்லிய குரலில் பேசுகிறவர். பக்கத்திலிருந்து வந்து, கையை உயர்த்தி, முணுமுணுப்பாய்ச் சொல்லிவிட்டுப் போகிறவர். நேர் எதிரே வந்திருந்தால் கண்டிருப்பேன். மன்னிப்புக் கேட்டுக் கொண்டேன். ஆனால் அதற்கு முந்திய வாரந்தான் என் மச்சானும் இதே குறையைச் சொல்லியிருந்தார் என்பது வீட்டுக்கு வரும் வழியில் நினைவுக்கு வந்தது. கதவு நிலையில் தோள் இடித்துக் கொள்வதும், சஹனில் வைத்த குவளையைக் கையால் தட்டிவிடுவதும் அந்நாட்களில் எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தன. வயதாகிறது என்று எண்ணிக் கொண்டேன். அப்போது எனக்கு வயது 51.

இந்தக் கதையைச் சொல்ல எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. காரணம், இதன் நடுவில் ஓர் ஊசி வருகிறது. அந்த ஊசியின் பெயரைச் சொன்னாலே நம்மவர்கள் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள்.

அதற்கு ஓராண்டு முன்னதாகவே உடம்பில் ஒரு சோர்வு வந்து புகுந்திருந்தது. சுப்ஹுக்கு எழுந்தால் எழுந்த களைப்பே லுஹர் வரை நீடிக்கும். கடைக்கணக்கு எழுதுவதில் மனம் ஊன்றவில்லை. தாடியின் அடர்த்தி குறைந்தது. முடி திருத்தும் நண்பர், "கன்னத்தில் வளர்ச்சியே காணோமே, பாய், முன்பெல்லாம் வாரம் ஒரு முறை வருவீர்கள்" என்று சொன்னதை நான் வேடிக்கையாக எடுத்துக் கொண்டேன். இல்லற வாழ்விலும் நாட்டம் அற்றுப் போயிற்று. என் துணைவியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் பெரும் பாரமாக இருந்தது.

பக்கத்து நகரில் ஒருவர் இருந்தார். அவருடைய அறைக்கு வெளியே எப்போதும் கூட்டம் நிற்கும். நான் பாதி சொல்லி மீதியை விழுங்கினேன். அவர் புரிந்து கொண்டவராய்ப் புன்னகைத்தார். இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை; வயிற்றைத் தொட்டும் பார்க்கவில்லை. "ஹார்மோன் குறைந்திருக்கும். ஐம்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருவது தான்" என்று சொல்லி, டெஸ்டோஸ்டிரோன் 250 மில்லிகிராம் ஊசியை வாரம் ஒன்றாகப் போட்டுக் கொள்ளச் சொன்னார். அந்த அளவு மருந்தைக் குறையுள்ளவர்களுக்கே இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை தான் கொடுப்பார்கள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

ஊசி வேலை செய்தது. இதை மறைத்துப் பயனில்லை. மூன்றாம் வாரத்தில் நடையில் துள்ளல் வந்தது. தாடி அடர்ந்தது. கடையில் என் குரல் உயர்ந்தது. முகம் சிவந்து பளபளத்தது. "உங்கள் முகத்தில் ஒரு நூர் வந்திருக்கிறது, காக்கா" என்று என் தங்கை சொன்னாள். நானும் கண்ணாடியில் அதைப் பார்த்து மகிழ்ந்தேன். எட்டு மாதம் அப்படியே ஓடிற்று. ஸலாம் விவகாரம் வந்தது அந்த எட்டாவது மாதத்தில்.

மூக்குக் கண்ணாடி மாற்றிக் கொள்ளலாம் என்று தான் கண் மருத்துவரிடம் போனேன். அவர் ஒரு கண்ணை மூடி, ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொல்லி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். பிறகு மறு கண். முடிவுத் தாளை என் முன்னே வைத்தார். வலக் கண்ணுக்கு வலப் பாதி இருள். இடக் கண்ணுக்கு இடப் பாதி இருள். "கண்ணில் குற்றம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. இன்றே தலையை எம்.ஆர்.ஐ. படம் எடுங்கள்" என்றார்.

மூளையின் அடியில், இரு கண்களுக்கும் பின்னால், ஒரு கொண்டைக் கடலை அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி தொங்குகிறது. அதற்கு நேர் மேலே தான் இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. அந்தச் சுரப்பியில் 2.6 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கட்டி வளர்ந்து, மேலிருந்த நரம்பை நெருக்கி, என் பக்கப் பார்வையைத் தின்று கொண்டிருந்தது. புற்று அன்று, ஆயினும் விட்டிருந்தால் கண்ணைப் பறித்திருக்கும்.

இப்போது பழைய சோர்வின் பொருள் விளங்கிற்று. ஆணின் விதைகள் தாமாக டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பதில்லை. பிட்யூட்டரி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஏவல்களை இரத்தத்தின் வழியே அனுப்புகிறது. முதல் ஏவலால் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது; இரண்டின் துணையாலும் வித்தணு விளைகிறது. என் கட்டி அந்த ஏவலை நிறுத்திவிட்டது. முதல் நாளிலேயே டெஸ்டோஸ்டிரோனையும், கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ப்ரோலாக்டின் ஆகியவற்றையும் அளந்திருந்தால், குறை விதையில் இல்லை, தலையில் இருக்கிறது என்பது ஒரே தாளில் தெரிந்திருக்கும். ப்ரோலாக்டின் மிகுந்து சுரக்கும் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், கத்தியே வேண்டியதில்லை. எனக்கு வந்தது அந்த வகை அன்று. ஊசி என் சோர்வை மூடி மறைத்தது. மூடிய திரைக்குப் பின்னால் கட்டி எட்டு மாதம் வளர்ந்தது.

நூர் என்று நாங்கள் மகிழ்ந்ததன் காரணமும் மருத்துவமனையில் வெளிப்பட்டது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். இரத்தத்தில் அவற்றின் பங்கை ஹீமட்டோகிரிட் என்பார்கள். அது நூற்றுக்கு 54ஐத் தாண்டினால், இறங்கும் வரை மருந்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. எனக்கு 55. தடித்த இரத்தம் உறையும். உறைந்த கட்டி நுரையீரலுக்கோ மூளைக்கோ போய்ச் சேரலாம். ஊசியை நிறுத்தி, ஒரு முறை இரத்தமும் எடுத்துவிட்ட பிறகே அறுவைக்குக் கொண்டு சென்றார்கள்.

மூக்கின் வழியே குழல் செலுத்திக் கட்டியை எடுத்தார்கள். தலையைத் திறக்கவில்லை. பின்னர் பல வாரங்கள் குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, மூக்கில் நீர் ஏற்றக் கூடாது என்று கட்டளை. ஸஜ்தாவுக்குப் பதில் நாற்காலியில் அமர்ந்து தலையசைத்துத் தொழுதேன். ஒளுவில் மூக்குக்கு நீர் செலுத்தும் ஸுன்னத்தை விட்டேன். முதல் தடவை நெற்றி தரையில் படத் தொழுத அன்று நான் அழுததை மகன் பார்த்துவிட்டான். அல்ஹம்துலில்லாஹ், பார்வை பெரும்பகுதி திரும்பிற்று.

பிட்யூட்டரி திரும்பவில்லை. ஆகவே மூன்று சுரப்புகளின் கணக்கு என் தலையில் விழுந்தது. முதலில் கார்டிசால் மாத்திரை, அதன் பிறகு தைராய்டு மாத்திரை. இந்த வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. டெஸ்டோஸ்டிரோன் கடைசியில் வந்தது. மூன்று மாதம் கழித்து, பழைய ஊசியின் மிச்சம் உடம்பில் இல்லாத காலத்தில், காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் மீண்டும் எடுத்தார்கள். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பல மருத்துவர்கள் கொள்கிறார்கள். எனக்கு முதலில் 61, பிறகு 58.

காலை நேரமும் வெறும் வயிறும் ஏன் என்று கேட்டேன். இந்தச் சுரப்பு காலையில் உச்சத்திலும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும், உண்டாலும் தாழும், காய்ச்சலில் கிடந்தாலும் தாழும். எங்கள் ஊர் ஹாஜியார் ஒருவர், என் செய்தி தெரிந்து, தமக்கும் அது வேண்டுமென்று ஓர் ஆய்வுக்கூடத்தில் மாலையில் இரத்தம் கொடுத்தார். அப்போது அவருக்குக் காய்ச்சல் வேறு. 240 என்று வந்தது. இரண்டு மாதம் கழித்துக் காலையில் எடுத்தபோது 430. அவருக்கு வேண்டியது ஊசி அன்று. இரவு உறக்கமும் பத்துக் கிலோ எடைக் குறைவும் தான் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். ஹாஜியாருக்கு இதில் சற்று வருத்தமே.

வருத்தப்படுவதில் வியப்பில்லை. இளமையை ஊசியில் தேடுவது இன்று நேற்று வந்த ஆசை அன்று. 1889ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரவுன் செக்கார் என்ற பேரறிஞர், தமது 72ஆம் வயதில், நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதைகளைப் பிழிந்த சாற்றைத் தமக்கே செலுத்திக் கொண்டு, வலிமை மீண்டுவிட்டதென்று அறிஞர் சபையில் அறிவித்தார். அந்தச் சாற்றில் மருந்து இருந்திருக்க வழியில்லை. டெஸ்டோஸ்டிரோன் நீரில் அவ்வளவாகக் கரையாதது. நம்பிக்கையே அவரை எழுப்பி நடக்க வைத்தது. உண்மையான பொருளைப் பிரித்தெடுத்ததும், செயற்கையாய்ச் சமைத்ததும் 1935இல் நடந்தவை. அதன் தொடர்பான ஆராய்ச்சிக்கு 1939இல் புட்டனாண்ட், ருசிக்கா இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் நம் பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களும், தங்கும் விடுதிகளில் நாள் குறித்து வந்திறங்கும் வைத்தியர்களின் லேகியங்களும் பிரவுன் செக்காரின் பரம்பரையே.

முதலில் எனக்குக் களிம்பு எழுதுவதாக இருந்தது. தினமும் குளித்த பின் தோளிலும் மேற்கையிலும் தடவ வேண்டும். சில மணி நேரம் நீர் படக் கூடாது. ஒளுவில் முழங்கை வரை தானே கழுவுகிறோம், தோளுக்கு நீர் போகாது, ஆகவே தொழுகைக்கு இடையூறில்லை என்று நான் மனத்துக்குள் கணக்கிட்டுக் கொண்டிருந்தேன். மருத்துவர் எழுதிக் கொண்டே, "வீட்டில் சிறு குழந்தைகள் உண்டா?" என்று கேட்டார். "பேத்தி இருக்கிறாள். மூன்று வயது. அஸருக்குப் பிறகு என் தோளில் போட்டால் தான் உறங்குவாள்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். எழுதிய தாளைக் கிழித்தார்.

தடவிய தோளில் குழந்தையின் கன்னம் படுமானால் மருந்து அதன் உடம்பிலும் ஏறும். பருவம் வராத குழந்தைக்கு மறைவிடத்தில் முடி வளர்வதும், உறுப்பு பெருப்பதும், எலும்பு காலத்துக்கு முந்தி முதிர்வதும் நேர்ந்திருக்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009இல் இதற்காகவே களிம்புகளின் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. கருவுற்ற பெண்ணுக்கும் அது கூடாது. சட்டையால் மூடுவதும் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் காப்பு தான். ஆனால் எங்கள் வீட்டில் தாத்தாவின் தோள் பேத்தியின் தொட்டிலாயிற்றே!

ஆகவே நீண்ட நாள் ஊசி. ஆயிரம் மில்லிகிராம், ஆமணக்கெண்ணெயில் கரைத்தது, பிட்டத்தில் மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது. அப்புறம் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒன்று. போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போனால் திடீரென்று இருமலும் மூச்சுத் திணறலும் வரும். அப்போது மருத்துவர் அருகில் இருக்க வேண்டும். வேறு சில ஊசிகள் வேர்க்கடலை எண்ணெயில் கரைத்தவை; கடலை ஒவ்வாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். நோன்பில் போட்டுக் கொள்ளலாமா என்று எங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் கேட்டேன். சதையில் போடும் ஊசி உணவாகாது, நோன்பு முறியாது என்றார்கள். ஆயினும் நான் நாளை இஷாவுக்குப் பிறகாக அமைத்துக் கொள்வது வழக்கம். அது என் மனத்தின் ஒரு வஸ்வாஸ்.

ஒவ்வோர் ஆண்டும் இரத்தத்தின் தடிப்பையும் சுக்கிலச் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. அளவையும் பார்க்கிறார்கள். அந்தச் சுரப்பியின் புற்றை டெஸ்டோஸ்டிரோன் ஊட்டி வளர்க்கிறது என்பதை ஹக்கின்ஸ் என்ற அறிஞர் 1941இலேயே காட்டினார். புதிதாகப் புற்றை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. இருக்கும் புற்றுக்குத் தீனி போடலாகாது. ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கட்டுக்கடங்காத இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு இன்னும் சிகிச்சை பெறாதவர்கள் ஆகியோருக்கும் இது உடனே தரப்படுவதில்லை. இதயத்தைப் பற்றிய அச்சம் நெடுங்காலம் தீராமல் இருந்தது. 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 45 முதல் 80 வயது வரையுள்ள, உண்மையிலேயே குறைபாடு உள்ள ஐயாயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் களிம்பும் போலிக் களிம்பும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை. நுரையீரலில் இரத்தம் உறைவதும் நாடி தாறுமாறாவதும் சற்று மிகுந்தன. என் மருத்துவர் இதை எடுத்துச் சொல்லி, "கண்காணிப்போடு கொடுத்தவர்களின் கதை இது. வாரம் ஒன்று போட்டுக் கொண்ட உங்கள் பழைய கதைக்கு இது சாட்சியாகாது" என்றார்.

என் கதை இவ்வளவு தான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என் கதைக்காக இல்லை.

என் தங்கையின் மகன் அரபு நாட்டில் வேலையில் இருந்தான். கட்டுமஸ்தான உடம்பு. விடுமுறையில் வந்தால் தெருப் பிள்ளைகள் அவன் புஜத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். திருமணமாகி மூன்றாம் ஆண்டும் பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் தன் தாய் வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளை தான் அங்கே போவார். அந்தப் பெண்ணை அழைத்துக் கொண்டு போகாத மருத்துவமனை இல்லை. கருக்குழாயில் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள், மாதந்தோறும் ஸ்கேன், வலியோடு ஊசிகள். ஒன்றிலும் குற்றம் காணவில்லை. ஆயினும் ஒரு கல்யாண வீட்டில், அவள் காதில் விழும்படி, என் தங்கையே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். எந்தச் சொல் என்று எழுத என் பேனா கூசுகிறது. பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, "காக்கா, அவனுக்கு இன்னொரு நிக்காஹ் பார்க்கலாம் என்று இருக்கிறேன்" என்றாள்.

"அவனைச் சோதித்தீர்களா?" என்று கேட்டேன்.

"அவனுக்கென்ன? சிங்கம் போல் இருக்கிறான்" என்றாள்.

அந்தச் சிங்கம் என்ற சொல் என்னை உறுத்திற்று. கண்ணாடியில் நான் கண்ட நூர் நினைவுக்கு வந்தது. அன்றிரவு அவனைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். என் ஊசியின் கதை முழுவதையும், என் வெட்கத்தையும் சேர்த்து, முதன் முதலாக ஒருவனிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, நானும் போடுகிறேன். ஜிம்மில் ஒருவர் தருகிறார். நான்கு வருடமாக" என்றான். "ஆண்மைக்கான மருந்து தானே மாமா, அதனால் பிள்ளை எப்படித் தடைப்படும்?" என்றும் கேட்டான்.

கேள்வி நியாயமாகத் தான் தோன்றும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து இரத்தத்தில் நிறைந்தால், பிட்யூட்டரி 'போதும்' என்று தன் ஏவலை நிறுத்திவிடுகிறது. விதை சுருங்குகிறது; வித்தணு விளைவது நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை, வாரம் 200 மில்லிகிராம் என்று, ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டது. பங்கு பெற்ற 271 பேரில் 157 பேருக்கு வித்தணு அறவே இல்லாமற் போயிற்று. கருத்தடை மருந்தைத் தன் உடம்பில் செலுத்திக் கொண்டே ஒருவன் பிள்ளைக்கு துஆ செய்து கொண்டிருந்தான். அவன் மனைவியோ பழியைச் சுமந்து கொண்டிருந்தாள்.

சோதனையில் வித்தணு பூஜ்யம் என்று வந்தது. ஊசியை நிறுத்தினான். நிறுத்திய மாதங்கள் கொடுமையானவை. சொந்தச் சுரப்பும் இல்லை, வந்த சுரப்பும் இல்லை. அழுகையும் அசதியுமாய்க் கிடந்தான். விதையைத் தூண்டுகிற எச்.சி.ஜி. ஊசிகளை மருத்துவர் கொடுத்தார். திரும்பி வருவதற்குப் பலருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும், சிலருக்கு முழுதும் வாராமலும் போகலாம் என்று முன்னதாகவே சொல்லியிருந்தார். ஏழாம் மாதத்தில் மில்லிலிட்டருக்கு 40 இலட்சம். பதினான்காம் மாதத்தில் 180 இலட்சம். இயல்பின் கீழ் எல்லையைத் தொட்டுவிட்டான்.

இதையெல்லாம் நாம் ஏன் பேசுவதில்லை என்று எண்ணிப் பார்க்கிறேன். மார்க்கம் கேட்பதில் வெட்கம் இல்லை என்று ஓதும் பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். குளிப்புக் கடமையாவதையும் மாதவிலக்கையும் நம் ஃபிக்ஹு கிதாபுகள் எவ்வளவு திறந்து, எவ்வளவு கண்ணியமாகப் பேசுகின்றன! அவற்றை ஓதி வளர்ந்த நாம், மருத்துவரின் அறையில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குகிறோம். விழுங்கிய பாதியில் என் கண் போயிருக்கும்; அவன் மனைவியின் வாழ்வு போயிருக்கும்.

தங்கையிடம் நானே சொன்னேன். முதலில் நம்பவில்லை. ஆய்வுத் தாளைப் படித்துக் காட்டினேன். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை, ஒரு தட்டில் வட்டிலப்பம் செய்து எடுத்துக் கொண்டு மருமகளின் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது நிக்காஹ் பேச்சு அதோடு நின்றது.

அந்தப் பெண் அவளை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாளாம். தட்டையும் வாங்கிக் கொண்டாளாம். அவர்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. நோன்புப் பெருநாளைக்கு அவள் என் வீட்டுக்கு வந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறாள்; என் தங்கையோடு இன்று வரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.